கன்னியாக் கற்பலகையில் சூடு பரவுவதை ஃபோர்ட்ரானில் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உவர்மலையில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில், சனிக்கிழமை பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். பெரும்பாலும் பைதான் தெரிந்தவர்கள். பெரிய கணக்கு ஒன்றை வேகமாகச் செய்ய வேண்டும் என்பதால் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியைத் தேடி வந்தவர்கள். அவர்கள் தடுக்கி விழுவது மொழி கடினம் என்பதால் அல்ல, படிகளை முன்பின்னாகச் செய்வதால்தான். சரியான விடை வருமுன்பே வேகத்தைத் தேடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசையே முக்கியம். தாண்டிப் போகாதீர்கள்.

எடுத்துக்கொண்ட கணக்கு இது. திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒன்றின் ஓரத்தில் 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள கருங்கற்பலகை ஒன்று பதித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வெந்நீர் படும் விளிம்பு 40 பாகை செல்சியஸ், மற்ற மூன்று விளிம்புகளும் 30 பாகை. உள்ளே சூடு எப்படிப் பரவும்? இந்த அளவுகள் பழகுவதற்காக நான் வைத்தவை, கிணற்றில் அளந்தவை அல்ல.

ஃபோர்ட்ரான் சொற்களையும் கட்டளைகளையும் விறாந்தையில் வாயால் சொல்லிக்கொடுப்பது போலவே எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்குமுன் வேண்டியவை

உபுண்டு லினக்ஸ் இருந்தால் டெர்மினலைத் திறந்து "சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிஃபோர்ட்ரான்" என்று அடித்தால் போதும். நாம் எழுதுவதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் இதுதான். விண்டோஸ் என்றால் அதற்குள்ளேயே லினக்ஸை நிறுவும் வசதி இருக்கிறது. அதை நிறுவிவிட்டு இதே கட்டளையைக் கொடுங்கள். எழுதுவதற்கு எந்த எடிட்டரும் சரி, வேர்ட் மட்டும் வேண்டாம்.

கோப்பின் பெயர் "புள்ளி எஃப்90" என்று முடிய வேண்டும். வெறும் "புள்ளி எஃப்" என்று முடித்தால், கம்பைலர் அதைப் பழைய துளையட்டைக் கால அமைப்பு என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியும் 7ஆம் நிரலில் (இடமிருந்து ஏழாவது எழுத்திடத்தில்) தொடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். எழுதியதில் பிழையே இல்லாமல் பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி வந்தால் முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். நோட்பேட் சத்தமில்லாமல் பின்னால் "புள்ளி டிஎக்ஸ்டி" சேர்த்திருக்கவும் கூடும்.

அப்புறம் ஒரு கொப்பியும் பேனையும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு வருகிறார்கள்.

2. முதலில் கொப்பியில் கணக்குப் போடுங்கள்

பலகையை மறந்துவிட்டு ஒரு கம்பியை எடுங்கள். அதில் ஐந்து புள்ளிகள். வெப்பநிலை 40, 30, 30, 30, 30. இரு முனைகளும் மாறாது. நடுவிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் விதி ஒன்றே: இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் கூட்டி, தன்னுடைய மதிப்பின் இரு மடங்கைக் கழித்து, மிச்சத்தை ஒரு விகிதத்தால் பெருக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். விகிதத்தை 0.25 என்று வைப்போம்.

முதல் சுற்றில் இரண்டாம் புள்ளி 32.5 ஆகும். மற்றவை அசையாது. இரண்டாம் சுற்றில் இரண்டாம் புள்ளி 33.75, மூன்றாம் புள்ளி 30.625. இதைத் தொடர்ந்து செய்துகொண்டே போனால் கடைசியில் 40, 37.5, 35, 32.5, 30 என்று நேர்கோட்டில் நிற்கும்.

இந்த எண்கள் ஏன் வேண்டும்? புரோகிராம் ஓடி ஏதோ ஓர் எண்ணைக் காட்டும்போது அது சரியா பிழையா என்று சொல்ல உங்கள் கையில் ஒரு சாட்சி வேண்டும். சாட்சி இல்லாத எண் வெறும் மை.

3. விகிதத்தையும் நேரப்படியையும் தீர்மானியுங்கள்

விகிதம் என்பது கல்லின் வெப்பப் பரவல் திறனை நேரப்படியால் (ஒரு சுற்று குறிக்கும் நேரத்தால்) பெருக்கி, புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. கருங்கல்லுக்குப் பரவல் திறன் ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு சதுர மீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. புள்ளிகளுக்கு இடையே 1 சென்ரிமீட்டர், நேரப்படி 20 செக்கன் என்று வைத்தால் விகிதம் 0.2 வரும்.

கம்பியில் இந்த விகிதம் 0.5ஐத் தாண்டக்கூடாது. பலகையில் நான்கு பக்கமும் அயல்புள்ளி இருப்பதால் (நான்கையும் கூட்டி, தன் மதிப்பின் நான்கு மடங்கைக் கழிப்போம்) 0.25ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் எண்கள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகத் துள்ளிப் பெருகி, கடைசியில் நேன் என்ற பொருளற்ற மதிப்பில் போய் முடியும். புரோகிராமில் பிழை என்று நினைத்து நாள் முழுதும் தேடுவார்கள். பிழை கணக்கில் இருக்கும்.

வேகமான மொழி ஏன் வேண்டும் என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. 1 மீட்டருக்கு 101 புள்ளிகள் வைத்து 30,000 சுற்று ஓட்டினால் கிட்டத்தட்ட 29 கோடி தடவை அந்த விதியைப் போட வேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்கு. நேரப்படியும் கால்வாசியாகக் குறைய வேண்டும் என்பதால் சுற்றுகளும் நான்கு மடங்கு. ஆக வேலை 16 மடங்கு, சுமார் 475 கோடி.

4. தலைப்பகுதி: யூஸ் முதலில், இம்ப்ளிசிட் நன் அடுத்து

"புரோகிராம்" என்ற வரிக்குக் கீழே, மொட்யூல் எனப்படும் தனிப் பகுதிகளை உள்ளே கொண்டுவரும் "யூஸ்" வரிகள். அதற்குக் கீழே "இம்ப்ளிசிட் நன்". பிறகுதான் மாறிகளின் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்களின்) அறிவிப்பு. இந்த வரிசை மாறினால் கம்பைலர் ஏற்காது.

இம்ப்ளிசிட் நன் போடாவிட்டால், அறிவிக்காத பெயர்களுக்கு ஃபோர்ட்ரான் தானே ஒரு வகையைக் கொடுத்துவிடும். ஐ முதல் என் வரையான எழுத்துகளில் தொடங்கினால் முழு எண், மற்றவை மெய்யெண். மாறியின் பெயரை ஓர் இடத்தில் எழுத்துப்பிழையோடு தட்டிவிட்டால் அது புதிய மாறியாகப் பிறந்து, உள்ளே எந்த மதிப்பு கிடக்கிறதோ அதோடு கணக்கில் கலந்துவிடும். செய்தி எதுவும் வராது. மாறியின் வகையை முன்கூட்டியே சொல்லும் மொழியின் முழுப் பயனும் இந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது.

பெயர்களில் ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு மட்டுமே வரலாம். என் பிள்ளைகள் பழசு, புதுசு என்ற தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் வைக்கிறார்கள். அரேக்களுக்கு (எண்களை வரிசையாக வைக்கும் அட்டவணைகளுக்கு) அதைவிடத் தெளிவான பெயர் இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை ஃபோர்ட்ரான் பார்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. எண்ணின் துல்லியத்தை ஓரிடத்தில் மட்டும் சொல்லுங்கள்

வெறுமனே "ரியல்" என்று எழுதினால் ஜிஃபோர்ட்ரானில் 32 பிட் எண் கிடைக்கும். ஏறக்குறைய 7 இலக்கத் துல்லியம். பல்லாயிரம் சுற்று ஓடும் கணக்குக்கு இது காணாது. "ஐஎஸ்ஓ கீழ்க்கோடு ஃபோர்ட்ரான் கீழ்க்கோடு என்வ்" என்ற மொட்யூலிலிருந்து "ரியல்64" என்பதை எடுத்து, அதற்கு "டிபி" என்று சுருக்கப் பெயர் வையுங்கள். எல்லா மெய்யெண்களையும் டிபி வகையில் அறிவியுங்கள்.

இத்தோடு முடியவில்லை. இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, மாறி டிபி வகையாக இருந்தாலும் நீங்கள் தட்டும் 0.1 என்ற எண் 32 பிட் எண்தான். அதை டிபி மாறியில் போட்டால் உள்ளே போவது 0.10000000149 என்று தொடங்கும் ஓர் எண். வலப்பக்கத்து எண்ணுக்குப் பின்னாலும் கீழ்க்கோடு போட்டு டிபி என்று சேர்க்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும்.

இரண்டாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. ஒருநாள் பின்னேரம் ஒரு தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "அக்கா, புரோகிராம் ஓடுது, ஆனா கல்லு சூடாகுதில்லை" என்றான். திரையில் முதல் நிரல் முழுவதும் 40. மற்றதெல்லாம் 30. எத்தனை ஆயிரம் சுற்று ஓடினாலும் அதே 30. திரும்பத் திரும்ப ஓடும் லூப்பைப் பார்த்தோம், எல்லைகளைப் பார்த்தோம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில் மேலே போய்ப் பார்த்தால் விகிதத்தை "1/4" என்று எழுதியிருந்தான். இரண்டும் முழு எண்கள் என்பதால் ஃபோர்ட்ரான் முழு எண் வகுத்தல் செய்து 0 என்று கொடுத்துவிட்டது. 0 விகிதத்தில் எந்தக் கல்லும் சூடாகாது. 1.0 கீழ்க்கோடு டிபி, சாய்கோடு, 4.0 கீழ்க்கோடு டிபி என்று மாற்றிய மறுகணம் சூடு நகரத் தொடங்கியது. படி 7இல் சொல்லும் எச்சரிக்கைகளை அவன் முதலே போட்டிருந்தால் கம்பைலரே இந்த வரியைக் காட்டியிருக்கும்.

6. அரேக்களும் லூப்பும்

பழசு, புதுசு என்று இரண்டு அரே வேண்டும். ஒரே அரேயில் எழுதினால், இரண்டாம் புள்ளியைப் புதுப்பித்த பிறகு மூன்றாம் புள்ளி அந்தப் புதிய மதிப்பைப் பார்த்துக் கணக்குப் போடும். ஒரே சுற்றுக்குள் இரண்டு காலங்கள் கலந்துவிடும். கொப்பியில் உள்ள 30.625ஓடு ஒத்துப் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

இரண்டையும் "அலோகேட்டபிள்" என்று அறிவித்து, அளவு தெரிந்தபின் "அலோகேட்" செய்யுங்கள். அடுத்த வரியிலேயே இரண்டையும் 30ஆல் நிரப்புங்கள். ஃபோர்ட்ரான் தானாகப் பூச்சியம் போட்டுத் தராது. பிறகு சூடான விளிம்புக்கு 40. இதையும் இரண்டு அரேயிலும் செய்ய வேண்டும், ஏன் என்று படி 9இல் வரும்.

லூப் 2 முதல், மொத்தப் புள்ளிகளில் ஒன்று குறைவான எண் வரை மட்டும் ஓடட்டும். விளிம்புகளைத் தொடாதீர்கள். அரே 1இலிருந்து தொடங்குகிறது. பைதானிலிருந்து வருபவர்களின் கை 0ஐத் தேடும்.

இனி, இந்த வழிகாட்டியில் நீங்கள் அதிகம் நின்று யோசிக்க வேண்டிய இடம். இரண்டு லூப்பில் எது உள்ளே, எது வெளியே?

ஃபோர்ட்ரான் இரண்டு பரிமாண அரேயை நினைவகத்தில் நிரல் நிரலாக (மேலிருந்து கீழாக) அடுக்குகிறது. அதாவது அடைப்புக்குறிக்குள் முதலில் வரும் எண் ஒன்று கூடினால் பக்கத்து வீட்டுக்குப் போகிறீர்கள். இரண்டாவது எண் ஒன்று கூடினால் ஒரு முழு நிரலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போகிறீர்கள். சி மொழியிலும், பைதானின் நம்பையில் வழமையான அமைப்பிலும் இது நேர் எதிர்.

புரொசசர் நினைவகத்திலிருந்து எண்களை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. பொதுவாக 64 பைட் கொண்ட ஒரு கட்டாக எடுக்கிறது. டிபி எண் ஒன்று 8 பைட், ஆக ஒரு கட்டில் 8 எண்கள். கன்னியாவில் வாளியால் அள்ளித்தானே தலையில் ஊற்றுகிறோம்? ஒரு வாளி அள்ளி, ஒரு கையளவு மட்டும் தலையில் விட்டுவிட்டு மிச்சத்தைத் தரையில் கொட்டி, மறுபடி கிணற்றில் வாளியை விட்டால் எப்படி இருக்கும்? இரண்டாவது எண்ணை உள் லூப்பில் ஓட்டுவது அப்படித்தான். 8 எண் வந்து சேர்ந்தும் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறீர்கள்.

ஆகவே முதல் எண்ணை ஓட்டும் லூப் உள்ளே, இரண்டாவதை ஓட்டும் லூப் வெளியே. விடை இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் இந்தப் பிழையை எந்தச் செய்தியும் காட்டித் தராது. 101 புள்ளிப் பலகையில் வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. ஓர் அரே 80 கிலோபைட் அளவுதான், புரொசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்தில் அடங்கிவிடும். 4,000க்கு 4,000 என்று வைத்தால் ஓர் அரேக்கு 128 மெகாபைட். அப்போது இரண்டு வரிசையையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள், கண்ணால் காண்பீர்கள். ஓ3 என்ற வேக நிலையில் கம்பைலர் சில வேளை லூப்பைத் தானே மாற்றிப்போடும் என்பதால் இந்தச் சோதனையை ஓ2இல் செய்யுங்கள் (இந்த நிலைகள் படி 9இல் வரும்).

7. முதல் கம்பைல்: வேகம் வேண்டாம், காவல் வேண்டும்

முதல் தடவை ஜிஃபோர்ட்ரான் கட்டளையில் கோப்பின் பெயரோடு இவற்றை எல்லாம் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள்: மைனஸ் டபிள்யூ ஆல், மைனஸ் டபிள்யூ எக்ஸ்ட்ரா, மைனஸ் ஜி, மைனஸ் எஃப்செக் சமம் ஆல், மைனஸ் எஃப்பேக்ட்ரேஸ். டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. ஒவ்வொன்றின் உள்ளேயும் இடைவெளி வரக்கூடாது. இனி வரும் இத்தகைய கட்டளைகளுக்கும் முன்னால் மைனஸ் உண்டு.

இவற்றில் உயிரானது எஃப்செக். அரேயின் எல்லையைத் தாண்டி ஒரு புள்ளியைப் படித்தால், எந்த வரியில், எந்த அரேயில், எந்த எண்ணில் தாண்டினீர்கள் என்று சொல்லி நிறுத்திவிடும். அது இல்லாவிட்டால் பக்கத்தில் கிடக்கும் ஏதோ ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு புரோகிராம் அமைதியாக ஓடும். விடையும் பார்வைக்கு நம்பக்கூடியதாகவே இருக்கும். அதுதான் ஆபத்து.

"எஃப்எஃப்பிஇ-ட்ராப் சமம் இன்வேலிட் கமா சீரோ கமா ஓவர்ஃப்ளோ" என்பதையும் சேர்த்தால், நேன் பிறக்கும் வரியிலேயே புரோகிராம் நின்றுவிடும். கடைசிப் பக்கத்தில் நேனைக் கண்டு பின்னோக்கித் தேடும் அலைச்சல் மிச்சம்.

எச்சரிக்கைகளைக் கடந்து போகாதீர்கள். ஒன்றுகூட மிஞ்சாத வரை அடுத்த படிக்குப் போக நான் பிள்ளைகளை விடுவதில்லை.

8. விடையை மூன்று விதமாகச் சோதியுங்கள்

ஒன்று: கம்பிக் கணக்கை ஓட்டி, கொப்பியில் உள்ள 33.75, 30.625 வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டு: பலகையில் எந்தப் புள்ளியும் எந்தச் சுற்றிலும் 30க்குக் கீழே போகக்கூடாது, 40க்கு மேலே போகக்கூடாது. நூறு சுற்றுக்கு ஒரு தடவை "மின்வால்" (மிகச் சிறிய மதிப்பு), "மேக்ஸ்வால்" (மிகப் பெரிய மதிப்பு) இரண்டையும் அச்சிடுங்கள். பிறகு வேண்டுமென்றே விகிதத்தை 0.3 ஆக்கி ஓட்டுங்கள். எண்கள் வெடித்துச் சிதறுவதை ஒரு தடவை பார்த்தவர் பின்னாளில் அதைப் பார்த்தவுடனே அடையாளம் காண்பார்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. 30,000 சுற்றுக்குப் பின் பலகையின் நடுப்புள்ளி 32.5 ஆக இருக்க வேண்டும். காரணம் எளிது. நான்கு விளிம்பும் 40 என்றால் நடுவும் 40 ஆகும், அதாவது 10 பாகை ஏற்றம். சதுரத்தில் நான்கு விளிம்பும் நடுவுக்குச் சமதூரம். ஆகவே ஒரு விளிம்பின் பங்கு 10இல் கால்வாசி, 2.5. கணினியே தேவையில்லாமல் மனக்கணக்கில் வரும் விடை இது. நடுப்புள்ளி கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 100 இல்லாமல் 101 புள்ளி வைத்தோம். அதன் எண் 51.

அச்சிடும்போது எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகள் வந்தால் பயப்பட வேண்டாம். எண்ணுக்கு நீங்கள் ஒதுக்கிய அகலம் காணவில்லை என்று அர்த்தம். அகலத்தைக் கூட்டுங்கள்.

9. இனி வேகம்

32.5 வந்ததா? சரி. இப்போது காவல் கட்டளைகளை எடுத்துவிட்டு ஓ2 போடுங்கள். நேரத்தையும் விடையையும் கொப்பியில் குறியுங்கள். அடுத்து ஓ3. அதன் பிறகு, அதோடு "எம்ஆர்ச் சமம் நேட்டிவ்". ஒவ்வொரு தடவையும் நேரம், விடை இரண்டையும் குறியுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது பயன் தந்தது என்று தெரியும்.

"எஃப்ஃபாஸ்ட்-மேத்" என்பதை நண்பர்கள் பரிந்துரைப்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டும் வரிசையை மாற்றும் உரிமையை அது கம்பைலருக்குக் கொடுக்கிறது, நேனே வராது என்றும் எடுத்துக்கொள்கிறது. நேனைத் தேடும் உங்கள் சோதனை வரிகள் வேலை செய்யாமல் போகலாம்.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் புதுசைப் பழசில் பிரதி செய்வது வீண் வேலை. "மூவ் கீழ்க்கோடு அலோக்" என்ற கட்டளையால், மூன்றாவது ஒரு பெயரைத் துணையாக வைத்துக்கொண்டு இரண்டையும் இடம் மாற்றலாம். எண்கள் நகராது, பெயர்கள் மட்டுமே மாறும். ஆனால் படி 6இல் விளிம்பின் 40ஐ ஓர் அரேயில் மட்டும் போட்டிருந்தால், இப்போது ஒரு சுற்றில் விளிம்பு 40, அடுத்த சுற்றில் 30 என்று மாறி மாறி வரும். நடுப்புள்ளி 31.25 பக்கம் போய் நிற்கும். அந்த எண்ணைக் கண்டால் நேரே விளிம்பைப் போய்ப் பாருங்கள்.

நேரம் அளக்க "சிஸ்டம் கீழ்க்கோடு க்ளொக்" பயன்படுத்துங்கள். லூப்புக்குள் அச்சிடும் வரி இருந்தால் அளவு கெட்டுவிடும். அதே நேரம், முடிவில் ஒரு மதிப்பையாவது அச்சிடுங்கள். யாருக்கும் பயன்படாத கணக்கு என்று கம்பைலர் நினைத்தால் லூப்பையே தூக்கிவிட்டு 0 செக்கன் காட்டும்.

மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது, விறாந்தையில் வைத்த மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரே புரோகிராம் காலையில் ஒரு நேரமும் மத்தியானத்தில் வேறு நேரமும் காட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒப்பிடும் இரண்டு ஓட்டங்களையும் அடுத்தடுத்தே செய்யுங்கள்.

10. மொட்யூலாகப் பிரித்தல்

ஒரு சுற்றைச் செய்யும் பகுதியை சப்ரூட்டீனாக்கி (பெயர் சொல்லி அழைக்கும் துணைப்பகுதியாக்கி) மொட்யூலில் வையுங்கள். மொட்யூலில் இருந்தால்தான், அழைக்கும் இடத்தில் வகை பொருந்துகிறதா என்று கம்பைலர் சரிபார்க்கும். பழசுக்கு "இன்டென்ட் இன்", புதுசுக்கு "இன்டென்ட் இன்அவுட்". மொட்யூல் கோப்பை முதலில் கம்பைல் செய்யுங்கள். "மொட்" கோப்பைக் காணவில்லை என்ற செய்தி வந்தால் வரிசை மாறியிருக்கிறது.

ஒரு பொறி: சப்ரூட்டீனுக்குள் மாறியை அறிவிக்கும் வரியிலேயே 0 என்று மதிப்புக் கொடுக்காதீர்கள். அது முதல் அழைப்புக்கு மட்டும்தான் 0. அடுத்த அழைப்பில் முந்தைய மதிப்பு அப்படியே தங்கியிருக்கும். மதிப்பைத் தனி வரியில் கொடுங்கள்.

11. பல கோர்களில் ஓட்டுவது

வெளி லூப்புக்கு மேலே, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஓப்பன்எம்பியின் "பேரலல் டூ" வரியைப் போட்டு, "எஃப்ஓப்பன்எம்பி" என்ற கட்டளையோடு கம்பைல் செய்தால் அரேயின் நிரல்கள் புரொசசரின் கோர்களுக்குப் பிரிந்து போகும். இரண்டு அரே வைத்திருப்பதால் ஒருவர் எழுதுவதை மற்றவர் படிக்கும் சிக்கல் இங்கே இல்லை. நேரத்தை ஓட விடும் சுற்று லூப்பின் மேல் இந்த வரியைப் போட்டுவிடாதீர்கள். இருபதாவது செக்கனின் விடை இல்லாமல் நாற்பதாவது செக்கனைக் கணிக்க முடியாது.

இந்தக் கட்டளையைச் சேர்த்தவுடன் புரோகிராம் "செக்மென்டேஷன் ஃபோல்ட்" என்று விழுந்தால், எங்கோ ஒரு பெரிய அரேயை அலோகேட்டபிள் இல்லாமல் நிலையான அளவில் அறிவித்திருப்பீர்கள். ஓப்பன்எம்பி வரும்போது ஜிஃபோர்ட்ரான் அத்தகைய அரேயை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் வைக்கிறது, அங்கே இடம் குறைவு. நேரம் அளக்கும் மற்றொரு கட்டளையான "சிபியூ கீழ்க்கோடு டைம்" இங்கே எல்லாக் கோர்களின் நேரத்தையும் கூட்டிக் காட்டும். சிஸ்டம் க்ளொக்கையே தொடருங்கள்.

101 புள்ளிப் பலகையில் நான்கு கோர் போட்டால் வேகம் கூடாமல் குறையவும் கூடும். வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கே நேரம் போய்விடும். 401 புள்ளிக்குப் போங்கள், அப்போது நேரப்படி 1.25 செக்கன், நடுப்புள்ளியின் எண் 201. ஒரு கோரில் ஒரு தடவை, நான்கு கோரில் ஒரு தடவை ஓட்டி, 201க்கு 201இல் இருக்கும் எண்ணை இரண்டிலும் கடைசி இலக்கம் வரை அச்சிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபட்டால், லூப்புக்குள் நீங்கள் இடையில் பயன்படுத்தும் தற்காலிக மாறி ஒன்றை, ஒவ்வொரு கோருக்கும் தனிப் பிரதி தரும் "பிரைவேட்" பட்டியலில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள்.